சிங்கப்பூர் நீர்ப்பந்து அணியின் 27 தங்கங்களை எளிய வெற்றி என்று ஒதுக்கிவிடலாமா?

"சிங்கப்பூர் ஆண்கள் நீர்ப்பந்து அணி தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தொடர்ந்து 27 முறை தங்கம் வென்றது என்கிறார்கள். எதிர்த்து நிற்க ஆளில்லாத வட்டாரத்தில் வென்றதைச் சாதனை என்று கொண்டாட வேண்டுமா?" என்பது உங்கள் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை என் மைத்துனர் ஒரு தீபாவளி விருந்தில் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பதக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1965 முதல் 2017 வரை, ஈராண்டுக்கு ஒருமுறை, ஒரே நாட்டின் பெயர் வரிசையாக நிற்பதைப் பார்க்கும் எவருக்கும் அப்படித் தோன்றக்கூடும் என்பதால் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வரிசையின் முதல் வரி எப்போது எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 1965 டிசம்பரில் கோலாலம்பூரில் அந்தப் போட்டிகள் நடந்தபோது சிங்கப்பூர் தனி நாடாகி நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. எந்த நாட்டிலிருந்து பிரிந்தோமோ அந்த நாட்டின் தலைநகரில், புதிய கொடியின் கீழ் நின்று வென்ற தங்கம் அது.

அதற்கு முன்பும் இந்த அணிக்கு வரலாறு உண்டு. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கமும் சிங்கப்பூர் வெள்ளியும் பெற்றன. 1954இல் மணிலாவில் சிங்கப்பூரே தங்கம் வென்றது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நம் அணி ஆடியது. அந்த அணியில் இருந்த டான் எங் லியாங் பின்னர் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபர்டில் படித்து, நாடு திரும்பி மூத்த துணை அமைச்சராகவும் இருந்தார். அவருடைய சகோதரர் டான் எங் போக்கும் அதே அணியில் ஆடியவர். தண்ணீரை விட்டு ஏறியதும் வேறொரு வாழ்க்கை காத்திருக்கும் என்பது அன்று தொடங்கி இன்றுவரை இந்த அணிக்கு மாறாத நிலை. நான் சொல்ல வருவதற்கு இது முக்கியம் என்பதால்தான் அவர்களுடைய பெயரை எடுத்தேன்.

உடனே சிலர், ஆசிய அளவில் 1986 சோல் போட்டியில் பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு என்ன கிழித்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். கசகஸ்தான், சீனா, ஜப்பான், ஈரான் ஆகிய அணிகளிடம் நாம் தோற்றிருக்கிறோம், பல முறை பெரிய வித்தியாசத்தில் தோற்றிருக்கிறோம். அதை நான் மறைக்கவில்லை. சிங்கப்பூரை ஹங்கேரியோடு ஒப்பிடும் அளவுக்கு நான் விவரம் தெரியாதவனும் அல்லன். ஆனால் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற அந்த ஹங்கேரிகூட 1976க்குப் பிறகு அடுத்த தங்கத்துக்காக 2000ஆம் ஆண்டு சிட்னி வரை காத்திருந்தது. திறமை எவ்வளவு இருந்தாலும் ஒரு தலைமுறை தளர்வதும் மற்றொன்று எழுவதும் எந்த அணிக்கும் நேரும். நம் அணி ஆடிய மட்டத்தில், அத்தகைய தளர்ச்சி ஒன்றுகூட 52 ஆண்டுகள் தங்கத்தைத் தொடவில்லை என்பதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி என் கதை. 1992இல் உயர்நிலை இரண்டில் படித்தபோது புறப்பாட நடவடிக்கையாக (இப்போது இணைப்பாட நடவடிக்கை என்கிறோம்) நீர்ப்பந்தைத் தேர்ந்தெடுத்தேன். கைகள் நீளம் என்பதால் என்னைக் கோல்காப்பாளராக நிறுத்தினார்கள். எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். முதல் மூன்று மாதம் பந்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. கால்கள் மட்டுமே வேலை செய்தன. இந்த விளையாட்டில் குளத்தின் தரையில் கால் ஊன்றக் கூடாது. முட்டையை அடிப்பதுபோல இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில் மாற்றி மாற்றிச் சுழற்றி, அந்த உதையின் பலத்திலேயே மார்பு வரை தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி இரண்டு நிமிடம் நின்றால், மறுநாள் காலையில் புளோக்கின் படிக்கட்டில் இறங்கும்போது தொடையின் உட்புறம் நெருப்பாக எரியும். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கலனைக் கையில் கொடுத்து, அதை ஏந்தியபடி அதேபோல் நிற்கச் சொன்னார்கள்.

எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளை இப்படித்தான் ஆட வேண்டும். கோல்காப்பாளரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால் மட்டுமே பந்தைத் தொடலாம். பார்வையாளருக்குத் தெரிவது தலைகளும் தோள்களும்தான்; ஆட்டத்தின் பாதி தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. இடுப்பைப் பிடித்து இழுப்பார்கள், நீச்சலுடையைப் பற்றிக்கொள்வார்கள், முழங்காலால் விலாவில் இடிப்பார்கள். மேலிருந்து பார்க்கும் நடுவருக்கு அவற்றில் பல தெரிவதில்லை. என் விலாவில் கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு, பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள் என்று எண்ணி அம்மா அழுதார்.

எங்களுக்குப் பயிற்சியில் உதவ, செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒருவர் வருவார். எண்பதுகளில் தேசிய அணியில் ஆடியவர். கப்பல் பட்டறையில் வேலை. சட்டைப்பையில் வேலையிட அடையாள அட்டை தொங்க, மோட்டார் சைக்கிளில் நேரே குளத்துக்கு வந்துவிடுவார். தாம் ஆடிய காலத்திலும் இப்படித்தான், பகலில் வேலை, இரவில் பயிற்சி, முடிந்ததும் அங்காடிக்கடையில் சாப்பாடு, மறுநாள் காலை மீண்டும் பட்டறை என்று இருந்ததாகச் சொல்வார். போட்டிக்குப் போவதற்குத் தம்முடைய ஆண்டு விடுப்பைத்தான் எடுத்துக்கொண்டாராம்.

ஒருநாள் பயிற்சி முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, "தங்கம் வாங்கிய அன்று சந்தோஷமாக இருந்ததா, கோச்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லை. நல்லவேளை, என் முறையில் தொலையவில்லை என்று இருந்தது. சந்தோஷம் எல்லாம் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது" என்றார். இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு தமக்குத் தூக்கமே வரவில்லை என்றும், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இரண்டு முறை எழுந்துபோய் வாந்தி எடுத்தார் என்றும் சொன்னார். பதினான்கு வயதில் எனக்கு அது முழுவதும் விளங்கவில்லை. மறுஆண்டு, 1993இல், தென்கிழக்காசிய விளையாட்டுகள் சிங்கப்பூரிலேயே நடந்தன. ஜூன் விடுமுறையாக இருந்ததால் எங்கள் குழுவினர் எல்லாரும் சேர்ந்து நீர்ப்பந்து ஆட்டம் பார்க்கப் போனோம். சுற்றிலும் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்; நான் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அணி முன்னிலையில் இருந்தபோதும் அங்கே ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கோச் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்திய பிரிவினர் கட்டிக் காத்ததைத் தங்கள் கையில் உடைத்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு ஒவ்வொரு பிரிவினரும் குளத்தில் இறங்கியிருக்கிறார்கள். தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் எதிரணி ஆடும். நம்மவர்களுக்கு அந்த வசதி ஒருநாளும் இருந்ததில்லை.

நான் அந்த அணியை எட்டவில்லை. உயர்நிலை நான்குக்குப் போனதும், சாதாரண நிலைத் தேர்வு வருகிறது என்று அப்பா என்னைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார். "நீச்சல்தான் தெரிந்துவிட்டதே, அது போதும்" என்றார். அவர் என்மேல் உள்ள அக்கறையால்தான் சொன்னார். தேர்விலும் நான் நன்றாகவே செய்தேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை: நம் வீடுகளில் நீச்சல் என்பது தண்ணீரில் விழுந்தால் உயிர் பிழைப்பதற்கான பாடம், அவ்வளவுதான். பிள்ளை தண்ணீரில் ஒரு விளையாட்டை ஆடுகிறான், நாட்டுக்காக ஆடவும் கூடும் என்றால், துணைப்பாட வகுப்பு தவறிவிடுமே என்ற கவலைதான் முதலில் வருகிறது. 1983 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஓவர் ஓவராகச் சொல்லும் என் மைத்துனருக்கு, தாம் பிறந்து வளர்ந்த நாட்டின் நீர்ப்பந்து ஆட்டக்காரர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாமலே "ஆளில்லாத ஆட்டம்" என்று தீர்ப்புச் சொன்னதுதான் என்னை இலையிலிருந்து எழுப்பியது.

2019இல் பிலிப்பீன்சில் அந்த வரிசை அறுந்தது. நம் அணி இந்தோனேசியாவிடம் தோற்றது. தங்கத்தையும் இந்தோனேசியாவே கொண்டுபோனது. 54 ஆண்டுகளில் முதல் முறை. செய்தி கைப்பேசியில் வந்தபோது நான் வேலையிடத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பழைய பள்ளிக் குழுவினரான நாங்கள் ஒன்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். காலை வணக்கத்துக்கே இருபது படங்கள் வந்து விழும் குழு அது. அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் யாரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. கடைசியில் ஒருவன் தன் பழைய தொப்பியின் படத்தைப் போட்டான். வேறு எதுவும் எழுதவில்லை. கோச் அப்போது உயிரோடு இல்லை. அந்தச் செய்தியை அவர் பார்க்க நேரவில்லையே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு வருந்தவும் செய்தேன்.

உங்கள் கேள்விக்கு அந்தத் தோல்வியிலேயே பதில் இருப்பதாக நான் கருதுகிறேன். எதிர்த்து நிற்க ஆளில்லாத விளையாட்டு என்றால் 2019இல் நம்மைத் தோற்கடித்தவர்கள் யார்? ஓர் அணி ஒரே நாளில் முளைத்து வந்து தங்கம் வாங்கிவிடுவதில்லை. எதிரணிகள் பக்கத்திலேயே இருந்தன, நெருங்கி வந்துகொண்டும் இருந்தன. அவர்களை ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் நிறுத்தியவர்கள் வேலை முடித்து இரவில் பயிற்சிக்கு வந்தவர்களும், ஈராண்டுத் தேசியச் சேவைக்கு இடையில் நேரம் தேடியவர்களும், பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நீந்தியவர்களும்தான். இதுவரை நாம் அதைக் கவனிக்காமல் இருந்ததற்குக் காரணம், அவர்கள் தோற்காமல் இருந்ததுதான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹனோய் போட்டிகளில் நீர்ப்பந்து சேர்க்கப்படவே இல்லை. அதனால், இழந்ததை மீட்க அந்த ஆட்டக்காரர்கள் 2023 மே மாதம் வரை காத்திருந்தார்கள். எதற்காகப் பயிற்சி செய்கிறோம் என்ற உறுதி இல்லாமல், நடுவே கொவிட் காலத்தில் குளங்கள் மூடப்பட்டதையும் தாங்கிக்கொண்டு, கம்போடியாவில் தங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 27ஐவிட எனக்கு அந்த ஒன்று பெரிதாகத் தெரிகிறது. இப்படிச் சொன்னால் மூத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. காத்துவைத்திருந்ததைக் காப்பதற்கும், கைவிட்டுப் போனதைத் தேடிப்போய் எடுத்துவருவதற்கும் வெவ்வேறு மனத்திடம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை சிங்கப்பூரில் ஓர் ஆட்டம் நடந்தால் நேரில் போய்ப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நடுவில் உட்காராமல் கோலுக்குப் பின்னால் உள்ள வரிசையில் இடம் பிடியுங்கள். சற்று முன்னதாகவே போய்விடுங்கள். ஆட்டக்காரர்கள் குளத்தில் இறங்குவதற்கு முன், கூரான நகத்தால் எதிரணியினரின் தோல் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காக, நடுவர் அவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரின் விரல் நுனியையும் தடவிப் பார்ப்பார். என் முதல் பள்ளிப் போட்டியில் அப்படிக் கையை நீட்டியபோது என் விரல்கள் நடுங்கின. அந்த நடுவர் என் வலக்கைச் சுட்டுவிரலில் நிறுத்தி, நகவெட்டியை எடுத்துக் கொடுத்து, "வெட்டிவிட்டு இறங்கு" என்றார். ஆட்டம் முடிந்து பார்த்தால் என் முதுகில் நான்கு கீறல்கள் இருந்தன.