வீட்டுச் சாவி

கேள்வி: நான் ராஜபாளையத்துக்காரி. மதுரை வேளாண் கல்லூரியில் இளநிலை முடித்துவிட்டு, ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ்சி. படிக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் விமானம். வந்த முதல் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தினமும் அழுவேன், ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். இப்போது நிஜமாகவே போகப்போகிறேன் என்றதும் மறுபடி அழுகை. பேக்கரி வரிசையில் நிற்கும்போது, சைக்கிளைப் பூட்டும்போது, காரணமே இல்லாமல் வருகிறது. கூடப் படிப்பவர்கள் "படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடப் பதினெட்டு மாதம் அனுமதி தருகிறார்களே, ஏன் ஓடுகிறாய்?" என்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விதை நிறுவனத்தில் எனக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. நானே தேடியது, பிடித்த வேலைதான். போன வாரம் அம்மா போனில், "உன் ரூமை ஒழிச்சு வச்சிட்டேன். பீரோவ மட்டும் தம்பி எடுத்துக்கிட்டான், உனக்கு எதுக்குத் தனியா?" என்றார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். எனக்காக இரண்டு வருடம் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்த அம்மா. நான் நன்றி கெட்டவளா? முடிவு தப்பா? மிச்சமிருக்கும் நான்கு வாரத்தை என்ன செய்வது? பாரிஸ், பிராக், ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு சுற்றுக்குக் கூப்பிடுகிறார்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ராஜபாளையத்து வாசகிக்கு,

இந்த மாதம் மாமியார் கடிதம் மூன்று, கைமாற்றுக் கொடுத்து ஏமாந்த கடிதம் ஒன்று வந்திருக்கின்றன. அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். கோட்டிங்கன் என்ற பெயரைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தை எடுத்து மேலே வைத்துவிட்டேன். 2000 அக்டோபரில் அந்த ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டியோடு இறங்கியவள் நான். போகும்போது கையில் மார்க் நோட்டு. 2002 செப்டம்பரில் திரும்பும்போது யூரோ. பழைய நகர மன்றத்தின் நிலவறை உணவகத்தில் லத்தீனில் ஒரு வாசகம் உண்டே, பார்த்திருப்பீர்கள்: கோட்டிங்கனுக்கு வெளியே வாழ்க்கை கிடையாது, இருந்தாலும் இப்படிக் கிடையாது. படித்தபோது சிரித்தேன். ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து அதே வரி நினைவுக்கு வந்து, சிரிப்பு வரவில்லை.

முடிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய சிக்கல் இல்லை. அழுகையை வைத்து முடிவை எடை போடாதீர்கள். முதல் குளிர்காலத்தில் அழுதீர்களே, அப்போது அந்த அழுகையை நம்பி டிக்கெட் போட்டிருந்தால் இன்று பட்டம் ஏது? அன்று பொய் சொன்ன கண்ணீர் இன்று மட்டும் உண்மை சொல்லும் என்று எப்படி நம்புவது? பதினெட்டு மாத அனுமதி நல்ல ஏற்பாடுதான், வேலை கையில் இல்லாதவர்களுக்கு. உங்களுக்குப் பிடித்த வேலை காத்திருக்கிறது. போனால் கதவு சாத்திக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள்; அப்படியும் இல்லை. 2024 ஜூன் முதல் 'சான்சன்கார்ட்டெ' என்ற வாய்ப்பு அட்டை வந்திருக்கிறது. ஜெர்மன் பட்டம் வைத்திருப்பவர்கள் சொந்த ஊரிலிருந்தே அதற்கு விண்ணப்பித்து, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டி, அங்கே போய் ஓராண்டு வரை வேலை தேடலாம். நாளைக்கு விதை நிறுவனம் கசந்துபோனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி பீரோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் எல்லோரும் எழுதுவது. எனக்கு அந்த பீரோதான் கடிதம்.

கோட்டிங்கனில் விடுதிக்குள் நுழைந்த அன்று உங்கள் கையில் முதலில் என்ன கொடுத்தார்கள்? ஒரு சாவி. கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொலைத்தால் பூட்டு மாற்றுகிற செலவு உன் தலையில் என்று மிரட்டியும் இருப்பார்கள். ராஜபாளையத்தில் உங்களிடம் வீட்டுச் சாவி இருந்ததா? என் வீட்டில் எனக்கு இருந்ததில்லை. யாரும் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. எப்போதும் வீட்டில் அம்மா இருப்பார், பாட்டி இருப்பார், கதவு ஒருக்களித்தே கிடக்கும். சாவிக்கு வேலையே வராது. பாசமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வருடம் இராத்திரி பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து வந்து, தானே கதவைத் திறந்து, தானே விளக்கைப் போட்டு, அரிசியோ ரொட்டியோ தோன்றியதைத் தின்றுவிட்டுப் படுத்த பெண்ணுக்கு அந்தத் திறந்த கதவு வேறு மாதிரி தெரியும். யார் எப்போது வந்தார்கள் என்று உள்ளே ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும் கதவு அது.

அம்மா அறையை ஒழித்து வைத்திருப்பது, மூக்கைச் சிந்திக்கொண்டு விமானம் ஏறினாளே, அந்தப் பெண்ணுக்காக. அவளுக்குப் பீரோ வேண்டியிருக்காது, அம்மா பீரோவிலேயே ஒரு தட்டு போதும். வரப்போகிறவளை அம்மா இன்னும் பார்க்கவில்லை. இதில் நன்றி கெட்டதனம் எங்கே இருக்கிறது? பாதி அழுகை கோட்டிங்கனைப் பிரிவதற்கு என்றால், மீதிப் பாதி அந்தச் சாவியை விடுதிக் காப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இன்னொரு வீட்டுக்குள் போவதற்கு.

நான் ஒன்றும் பேசாமல் வந்து இறங்கினேன். அப்போது தொலைபேசி அட்டை வாங்கிப் பேச வேண்டும். மழையா, சாப்பிட்டாயா, அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி என்பதற்குள் நிமிடங்கள் தீர்ந்துவிடும். பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து, வந்தபின் ஆறு மாதம் காபிச் சூட்டிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாவற்றுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்றே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

உங்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? இன்றைக்கே கூப்பிடுங்கள். போனை வைத்ததற்கு முதலில் மன்னிப்பு. பிறகு, "அம்மா, எனக்குப் பீரோ வேணும், தம்பிக்கு என் முதல் மாதச் சம்பளத்துல வேற வாங்கித் தர்றேன்" என்று சொல்லுங்கள். வீட்டுச் சாவி ஒன்று வேண்டும் என்றும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். ஃபீல்டு வேலை முடிந்து நேரமாகி வந்தால் உங்களை எழுப்ப வேண்டாமே என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள்: முதல் ஆறு மாதம் மாப்பிள்ளைப் பேச்சு வேண்டாம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், திருச்சியிலோ சென்னையிலோ இறங்கிக் காரில் ஏறியதும் ஆரம்பித்து, மதுரையைத் தாண்டுவதற்குள் ஜாதகம் வந்துவிடும். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அம்மாக்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பார்கள். அந்தச் சலுகை இன்னும் நான்கு வாரம்தான்.

அடுத்தது பாரிஸ், பிராக், ஆம்ஸ்டர்டாம். போகாதீர்கள் என்பேன். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் போய் வந்தவள் சொல்கிறேன். கடைசிப் பத்து நாளில் இராப் பேருந்தில் ஏறி மூன்று ஊர் சுற்றினேன். பாரிஸில் ஒரு வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. எதற்கான வரிசை என்று நினைவில்லை. கோட்டிங்கனில் யாக்கோபி தேவாலயத்துக் கோபுரம் எழுபத்திரண்டு மீட்டர். இரண்டு வருடம் அதன் அடியில்தான் என் சைக்கிளை நிறுத்தினேன். மேலே ஏறலாம் என்று எழுதிய பலகையைத் தினமும் பார்த்தேன். ஏறவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. எங்கள் மண் ஆய்வகத்தில் ஒரு உதவியாளர் அம்மாள் இருந்தார். குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்று முதல் வருடம் முழுக்கத் திட்டினார். இரண்டாம் வருடம் திட்டுவதை நிறுத்திவிட்டு, பிளம்ஸ் கேக் கொண்டுவர ஆரம்பித்தார். ஊர் சுற்றிவிட்டு விமானத்துக்கு முந்தின நாள் திரும்பிய நான், சாவி கொடுக்க ஆய்வகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் போயாகிவிட்டது. என் மேசையில் ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாம், கழுத்தில் நூல் கட்டி, செய்த தேதி எழுதிய சீட்டு. ஊரில் அம்மா அதை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு, "புளிக்குழம்பு இனிச்ச மாதிரி இருக்குடி" என்றார். நான் நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்பினேன். அட்டையில் என்ன சொல்ல முடியும்?

ஆகவே கோட்டிங்கனிலேயே இருங்கள். பழைய மதில் மேட்டில் லிண்டன் மர நிழலில் நகரத்தைச் சுற்றி வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. தனியாக ஒரு தடவை, யாருடனாவது ஒரு தடவை நடங்கள். நகரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? நோபல் பரிசு பெற்றவர்கள் மட்டும் எட்டுப் பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் கல்லறையில் அவருடைய சமன்பாட்டைப் பொறித்திருப்பார்கள். யூதர் என்பதால் 1933-இல் வேலையைப் பறித்து அவரை ஊரைவிட்டுப் போகவைத்தார்கள். போன வழியில் 1935–36 குளிர்காலத்தை நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கழித்தார். பிறகு எடின்பரோ. முதுமையில் ஜெர்மனிக்குத் திரும்பி, 1970-இல் கோட்டிங்கனிலேயே இறந்தார். உங்கள் பிரிவை அதோடு ஒப்பிடச் சொல்லவில்லை. அவரைத் துரத்தினார்கள், நீங்கள் டிக்கெட் எடுத்துப் போகிறீர்கள். எனக்கு அந்தக் கல்லின் முன்னால் நிற்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சந்தைச் சதுக்கத்தில் வாத்து மேய்க்கிற பெண், 1901-இல் அமைத்த நீரூற்றின்மேல் சிலையாக நின்றுகொண்டிருக்கிறாளே, அவளுக்கு முத்தம் கொடுப்பது முனைவர் பட்டம் வாங்குகிறவர்களின் உரிமை. எம்.எஸ்சி.க்கு அதெல்லாம் கிடையாது என்பார்கள். முத்தம் வேண்டாம், ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள். யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

குக்கரை விற்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் புதுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், அதில் தமிழ் பேசுகிற ஒன்றாவது இருக்கும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் சரிபார்த்து, எந்த ஆசியக் கடையில் பச்சைமிளகாய் காரமாக இருக்கும் என்று ஒரு சீட்டும் எழுதி, சும்மா கொடுத்துவிடுங்கள். என் குக்கர் எனக்குப் பிறகு இரண்டு பேரிடம் போனது வரை கணக்குத் தெரியும்.

காகித வேலையைச் சொல்லாமல் விட்டால் என் மனது கேட்காது. நகர அலுவலகத்தில் உங்கள் முகவரியை நீக்கும் பதிவை அறையைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னதாகத்தான் செய்ய முடியும்; அந்த நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அப்போது தரும் சான்று இருந்தால்தான் மருத்துவக் காப்பீடு, இணைய இணைப்பு, மாதம் 18.36 யூரோ பிடுங்குகிற ஒலிபரப்புக் கட்டணம் எல்லாவற்றையும் நிறுத்தலாம். விடுதி அட்வான்ஸ் திரும்ப வர மாதக் கணக்காகும், அதுவரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். பட்டச் சான்றிதழ் தாமதமானால் உங்கள் சார்பில் வாங்க நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல், பட்ட விளக்கப் பின்னிணைப்பு இரண்டையும் மறக்க வேண்டாம். நாளைக்கு இங்கே அரசு வேலைக்கோ முனைவர் படிப்புக்கோ இணைத்தன்மைச் சான்று (வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கேட்டால் அவைதான் உதவும். காலி பாட்டில்களையும் கடையில் போட்டுக் காசாக்குங்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் என்றால் ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட். என் கடைசி ஐஸ்கிரீம் பாட்டில் காசில் வாங்கியது.

ஊருக்கு வந்தபின் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்பார்கள்: ரொம்பக் குளிரா? அங்கே இருந்தால் எவ்வளவு சம்பளம்? பதிலைக் கேட்க யாரும் நிற்கமாட்டார்கள். "அங்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை..." என்று நான் ஐந்தாவது முறை ஆரம்பித்தபோது என் சித்தி, "உன் ஜெர்மனியக் கொஞ்சம் கீழ வையேன், கை வலிக்கும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதனால் கேட்பதற்கென்று ஒரே ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், உங்களைப்போல எங்காவது போய் வந்த ஆள். வாரம் ஒரு மணி நேரம் இருவரும் மாற்றி மாற்றிப் புலம்பலாம்.

உங்களுக்கும் அங்கே ஒரு ஆய்வக அம்மாளோ, மென்ஸா என்கிற மாணவர் உணவகத்தில் கூடுதலாக ஒரு கரண்டி உருளைக்கிழங்கு போடுகிறவரோ இருப்பார். கடைசி வாரம் வரை தள்ளாமல், இந்த வாரமே போய்ப் பாருங்கள். இது பிளம்ஸ் பருவம், எதையாவது கையில் திணிப்பார்கள். ஜாமாக இருந்தால் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். என் காலம் மாதிரி இல்லை, இப்போது கைப்பையில் விடுவார்கள் என்று நம்ப முடியாது.