எழுபதுகளில் கவனிக்கப்படாமலே போன ராக் இசைக்குழு என்றால் எதைச் சொல்வீர்கள்?

பிக் ஸ்டார். யோசிக்காமல் சொல்வேன்.

'செப்டம்பர் கேர்ள்ஸ்' என்ற பாட்டை 1986-ல் பேங்கிள்ஸ் குழு பாடியிருந்தது. அது அவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் பிக் ஸ்டார் பாடிய மூலப் பாட்டைக் கேட்டேன். அந்தக் கிட்டார் ஒலி கண்ணாடி மணி உதிர்வதுபோல வந்து விழுந்தது. இதைப் பாடியவர்களை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று தேட ஆரம்பித்தவன், இன்னும் அந்தக் குழுவை விடவில்லை.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1971-ல் சேர்ந்த நாலு பேர் இவர்கள்: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். பாடல்களைப் பதிவு செய்த ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த சூப்பர்மார்க்கெட்டின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். சில்டன் புதுமுகம் இல்லை. பதினாறு வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' 1967-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

முதல் ஆல்பம் 'நம்பர் 1 ரெக்கார்ட்' 1972-ல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கடையில் போய்க் கேட்டால் இசைத்தட்டு இல்லை! விநியோகம் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் அது பெரிய பெயர். ராக் தட்டுகளைக் கடைகளில் கொண்டு சேர்க்க அதனால் முடியவில்லை. பிறகு கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், அதிலும் விடியவில்லை. அந்த நாளில் விற்றது பத்தாயிரம் பிரதிகூட இல்லை. ஜனங்கள் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியிருந்தால் மனசு ஆறும். அவர்கள் காதுக்கே போய்ச் சேரவில்லையே.

இதில் நொறுங்கிப்போனவர் கிறிஸ் பெல். முதல் ஆல்பத்தை இழைத்து இழைத்துச் செய்தவர் அவர்தான். அந்த வருஷமே குழுவை விட்டு விலகினார். மற்ற மூவரும் 1974-ல் 'ரேடியோ சிட்டி'யை வெளியிட்டார்கள். 'செப்டம்பர் கேர்ள்ஸ்' இருப்பது அதில்தான். அதன் அட்டையைப் பாருங்கள்: ரத்தச் சிவப்பில் ஒரு கூரை, நடுவில் ஒரு குண்டு பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளை வயர்கள். வில்லியம் எகில்ஸ்டன் எடுத்த படம். அதற்கும் அதே விநியோகக் கதிதான். மூன்றாவது ஆல்பம் 1974-ல் பதிவாகியும் 1978-ல்தான் வெளியே வந்தது. அதே வருஷம் டிசம்பரில் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது 27.

எண்பதுகளில் ஆர்.ஈ.எம். போன்ற குழுக்கள் இவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் தட்டுகளை ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழு 1987-ல் 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாட்டுப் போட்டது. நல்லவேளை, சில்டன் அதைக் கேட்க உயிரோடு இருந்தார். அவர் காலமானது 2010-ல். பெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு ஆறாத இடம் அது.

சரி, எதில் தொடங்கலாம்? முதல் ஆல்பத்தில் 'தர்ட்டீன்'. டிரம்ஸ் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டார், தயங்கித் தயங்கி ஒரு பெண்ணிடம் பேசும் பள்ளிப் பையனின் குரல், பின்னால் சன்னமாகச் சேரும் இன்னொரு குரல். மூன்று நிமிடம்கூட வராது. ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.