பழைய மரியோ, கொன்ட்ரா: சந்தாவா, சொந்தமா?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், அண்ணே. சின்ன வயதில் ஆடிய மரியோவையும் கொன்ட்ராவையும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியில் ஆடச் சந்தா கட்டவா, தனியாக வாங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் வழி வேறு, தம்பி. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவுக்குள் இருக்கிறது. வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால் ஆட்டமும் நின்றது. தோட்டப் பக்கம் லைன் படுத்தாலும் கவலையில்லை, ஏழு நாளுக்கு ஒருமுறை இணையம் கிடைத்தால் போதும். கொன்ட்ராவுக்கு 2019-இல் வந்த ஆனிவர்சரி தொகுப்பை வாங்குங்கள். ஒருமுறை காசு கொடுத்தால் சரி. தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்லது.

வாங்குவதைவிட டிவிதான் பெரிய தலைவலி. போன தீபாவளிக்கு மாமா வந்து பிடிவாதமாக விளையாடினார். பட்டனை அழுத்திக் கொஞ்சம் பிந்தித்தான் மரியோ குதித்தான். முதல் பள்ளத்திலேயே மூன்று உயிரும் போச்சு. "லயத்து வீட்டு டப்பா டிவியில இப்படி ஆகாதே!" என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய குழாய் டிவி வந்த படத்தை அப்படியே காட்டிவிடும். இன்றைய டிவி அதை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அங்கேதான் தாமதம். செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டதும் மாமா இரண்டாவது கட்டம் வரை போனார். படத்தை இழுத்து அகலமாக்காதீர்கள், மரியோ குண்டாகிவிடுவான்.

மரியோ விழுந்தால் கன்ட்ரோலரில் உள்ள இசட்எல் (ZL), இசட்ஆர் (ZR) பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், ஆட்டம் பின்னோக்கி ஓடும். மாமாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.