கடகடவென்று வாசிக்கிறாள், ஆனால் புரிகிறதா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். பாடத்தின் கீழுள்ள கேள்விகளுக்கு விடையும் எழுதிவிடுகிறாள். புத்தகத்தை மூடிவிட்டு, ‘என்ன கதை, சொல்லு’ என்றால் திருதிருவென்று விழிக்கிறாள். என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த விடைகளை நம்பாதீர்கள். ‘பூரலன் நாலியைத் தெம்பினான்.’ நாலியைத் தெம்பியது யார்? பூரலன். பொருளே இல்லாத வாக்கியத்துக்கு நீங்களும் சரியான விடை சொல்லிவிட்டீர்கள்! கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால் மதிப்பெண் கிடைக்கும். புரிந்ததா என்பது தெரியாது.

சிக்கல் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். அவள் இதுவரை படிக்காத, 80 முதல் 100 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டதும் கதையைச் சொல்லிவிட்டால் மொழியில் குறை இல்லை. வாய் வேகமாக ஓடினாலும் கவனமெல்லாம் எழுத்திலேயே தீர்ந்துபோகிறது. அப்போது இன்னும் எளிதான பத்தியை இரண்டு மூன்று முறை நிறுத்தி நிறுத்தி வாசிக்க வையுங்கள்.

கேட்டும் புரியவில்லையா? சொற்களோ வாக்கிய அமைப்போ தடுக்கிறது. வீட்டில் ‘போயிட்டு வந்துச்சு’ என்கிற குழந்தைக்கு ‘சென்று வந்தது’ பாதி அந்நியம். நீண்ட வாக்கியம் இன்னும் சிரமம்: ‘மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிய பாட்டியைப் பின்தொடர்ந்தது ஆட்டுக்குட்டி.’ யார் பின்னால் யார் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘பாட்டியை’ என்பதில் உள்ள ‘ஐ’யையும், ‘தொடர்ந்தது’ என்ற முடிவையும் தவறவிட்ட குழந்தை, ஆட்டுக்குட்டியின் பின்னால் பாட்டி போனாள் என்றுதான் சொல்லும். வாக்கியத்தை உடைத்துக் கொடுங்கள்: மழை விட்டது. பாட்டி குடையை மடக்கினாள். கிளம்பினாள். ஆட்டுக்குட்டி பின்னால் போனது. பிறகு அவளையே ஒட்டவைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

பத்தியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, பேச்சுத் தமிழிலேயே கதையைச் சொல்லட்டும். அப்புறம் ஒரே ஒரு ‘ஏன்’ கேள்வி. ‘எந்த வரியை வச்சுச் சொல்ற?’ என்று விரல் வைத்துக் காட்டவும் சொல்லுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் அது பரீட்சை. மறுநாள் புத்தகத்தைக் கண்டாலே ஓடுவாள். நடுவில் பிழை திருத்தவும் வேண்டாம், பொருள் மாறும் பிழையைத் தவிர. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று வாசித்தால் வரி முடியும்வரை பொறுங்கள். ‘பல்லிக்குப் பையன் போனான்’ என்று தன் காதிலேயே விழும்போது அவளே திரும்பிப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். அப்படிப் பார்த்தால், பொருளைத் தேடித்தான் வாசிக்கிறாள்.

கேள்வி: என் மகன் படக்கதை தவிர எதையும் தொடுவதில்லை. தடுக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே நடந்ததை ஊகித்தால்தான் படக்கதையே ஓடும். எப்போதாவது கடைசிக் கட்டத்தைக் கையால் மறைத்து, ‘இனி என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். தினமும் கேட்டால் எரிச்சல்படுவான்.