குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியில் ஆண் உண்டா?

கேள்வி: அம்மா, ராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறேன். நுனி இலையெல்லாம் கொத்தாகச் சுருங்கி, உள்ளே மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஆண் பூச்சி சிக்கும், பெருக்கம் நின்றுவிடும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். ஏக்கருக்கு எத்தனை பொறி வைக்கலாம்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம் தம்பி. முதலில் ஓர் ஈர்க்குச்சியால் மாவைத் தள்ளிவிட்டு, பூச்சியின் உடம்பு என்ன நிறம் என்று பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். அதில் ஆண் உண்டு: ஒரே ஜோடி இறக்கை, சாப்பிட வாய் கிடையாது, பெண்ணோடு சேர்ந்ததும் சில நாளில் ஆயுள் முடிந்துவிடும். இளஞ்சிவப்பாக இருந்தால் அது மரவள்ளி மாவுப்பூச்சி. நீங்கள் சொல்லும் நுனிச் சுருக்கம் அதன் வேலைதான். அதில் அத்தனையும் பெண். ஆண் சேராமலே முட்டையிடும், பொரிப்பதும் பெண்ணாகவே இருக்கும். பொறிக்கு வர ஆண் ஏது?

2020இல் திருச்சூரில் தென்பட்ட இந்தப் பூச்சி நம் பக்கம் வந்தபோது, நான் கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன். பொரித்த அன்றே குஞ்சுகளைப் பிரித்து, பன்னிரண்டு குப்பிகளில் ஒன்றொன்றாக அடைத்து, இலை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு செத்தன. மிச்சம் எட்டும் தனிமையிலேயே வளர்ந்து முட்டைப்பை வைத்தன.

இந்த வேறுபாடு தெரியாமல் ஆப்பிரிக்காவில் சில ஆண்டுகள் வீணாயின. 1970களில் காங்கோப் பகுதியில் நுழைந்த பூச்சி, கிழங்கையே நம்பிய ஊர்களைப் பட்டினியில் தள்ளியது. அதன் பூர்வீகம் தேடிப் போனவர்கள் தென் அமெரிக்காவின் வடக்கே அச்சாக அதேபோல ஒன்றைக் கண்டார்கள். அங்கிருந்த எதிரிப் பூச்சிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. உற்றுப் பார்த்தால் வடக்கத்திப் பூச்சி மஞ்சள், அதில் ஆணும் உண்டு. வேறு இனம்! சரியான பூச்சியை 1981இல் பராகுவேயில் அந்தோனி பெல்லோட்டி என்ற பூச்சியியலாளர் கண்டெடுத்தார். அதை அடக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவியும் அங்கேயே கிடைத்தது. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். எத்தனை குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும்.

அதே குளவிதான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. அங்கே போய்க் கேளுங்கள். இன்னொரு அதிசயம்: குளவிக்கு ஆண் துணை வேண்டும். கருவுறாத முட்டையிலிருந்து மாவுப்பூச்சிக்குப் பெண் பிறக்கும், குளவிக்கோ ஆண்தான் பிறக்கும். பெண் குளவி பிறந்தால்தானே அடுத்த பூச்சியைக் கொட்டி, அதனுள் முட்டை வைக்க முடியும்? அதனால் குளவி விட்ட தோட்டத்தில் கடும் மருந்து அடிக்காதீர்கள்.

இந்தத் தோட்டத்துக் கரணையை (நடும் தண்டுத் துண்டை) அடுத்தவருக்கு விதைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு குஞ்சு ஒட்டிக்கொண்டு போனாலே அவர் காடு முழுக்கப் பரவிவிடும். பூச்சி அப்பிய நுனிகளைக் கிள்ளி எரியுங்கள். ஆனால் பழுப்பேறி, உப்பி, அசையாமல் கிடக்கும் பூச்சிகள் இருந்தால் அந்த நுனியை விட்டுவிடுங்கள், உள்ளே குளவி வளர்கிறது.