பான்டிங்கின் கையெழுத்து அசல்தானா?

கேள்வி: மறைந்த என் மாமனார் மருத்துவ விஞ்ஞானிகளின் கையெழுத்துகளைச் சேகரித்தவர். இன்சுலினைக் கண்டறிந்த ஃபிரெடரிக் பான்டிங் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் அட்டை ஒன்றும் அவற்றில் உள்ளது. விற்பதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மையைப் பாருங்கள். பான்டிங் 1941இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். பால்பாயிண்ட் பேனாவோ 1945க்குப் பிறகே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. எனவே அந்தப் பேனாவால் இட்ட கையெழுத்து என்றால் அது அவருடையதாக இருக்க வழியில்லை. ஊற்றுப்பேனா மையாக இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள்: தன் பெயரைப் பழக்கத்தால் எழுதுபவரின் கோடு தடையின்றி ஓடும், பார்த்து வரைபவரின் கோடு நடுங்கும், பேனா தயங்கிய இடங்களில் மை தேங்கி நிற்கும். சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் பிரதி.

வெறும் கையெழுத்தைவிட, ஆய்வைப் பற்றிப் பேசும் கடிதத்துக்கே மதிப்பு அதிகம். டி.என்.ஏ. அமைப்பை விளக்கி பிரான்சிஸ் கிரிக் 1953இல் தன் மகனுக்கு எழுதிய கடிதம், 2013இல் ஏலக் கட்டணம் உட்பட சுமார் 60 லட்சம் டாலருக்கு விலைபோனது. அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலின் பூஞ்சையைக் கண்ணாடிகளுக்கிடையே பதித்து, பின்புறம் கையெழுத்திட்டுப் பலருக்கும் பரிசளித்தார். அத்தகைய வில்லைகளும் ஏலத்துக்கு வருகின்றன. (அப்படியொன்று உங்கள் சேகரிப்பில் இருந்தால், தயவுசெய்து சட்டத்தைத் திறந்து சுத்தம் செய்யாதீர்கள்.)

அட்டையை லேமினேட் செய்யவே கூடாது. அது வந்த உறை, உங்கள் மாமனார் எழுதிவைத்த குறிப்பு, வாங்கிய ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். அது யார் யார் கைமாறி வந்தது என்பதை அவையே நிறுவும். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஏல நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தரகு எவ்வளவு என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.