வேலி ரோஜா எட்வர்ட்தானா? முள்ளைப் பாருங்கள்

ரியூனியன் தீவில் சேந்த் ஆந்த்ரே பக்கம் பாட்டி காலத்து வேலியில் இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று நிற்கிறது, நல்ல வாசனை, விட்டுவிட்டுப் பூக்கிறது, இது பழைய எட்வர்ட் ரோஜாவா, விதை போட்டு வளர்க்கலாமா, இலையில் கரும்புள்ளி வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளஞ்சிவப்பு ரோஜா ஆயிரம் உண்டு. எட்வர்ட் என்பது சீன ரோஜாவும் தமாஸ்க் ரோஜாவும் கலந்து பிறந்த கலப்பினம், அதனால் இரண்டின் சாயலும் இருக்க வேண்டும். தண்டைத் தொட்டுப் பாருங்கள். சின்னதும் பெரியதுமாக முள் அடர்ந்து, இலை மங்கலாக இருந்தால் அது தமாஸ்க். தண்டு வழவழப்பாக, முள் குறைவாக, வாசனையும் லேசாக இருந்தால் சீனா. வளைந்த முள் அளவாக, இலை சற்றுப் பளபளப்பாக, பூ நன்றாகக் குழிந்து, வாசனை மட்டும் தமாஸ்க் மாதிரி அடித்தால் எட்வர்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம், இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடத்தில் இருக்கிற சின்னச் செதிலின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தால் அது மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜாக் குடும்பம், ஒட்டுக்கட்டிய அடிச்செடி மேலே வந்து மூடிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

உங்கள் தீவுக்கு இது சொந்தச் செடி. பூர்போன் என்று பெயர் இருந்த காலத்தில் வேலி ஓரம் தானாக முளைத்த இந்தக் கலப்பை 1817 வாக்கில் ப்ரேயோன் என்ற தாவரவியலாளர் கவனித்து, விதையை பாரிஸ் பக்கம் ஜாக் என்ற தோட்டக்காரருக்கு அனுப்பினார் என்பார்கள். பூர்போன் ரோஜா என்ற வகையே அங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்கு இன்றும் பயிராகிறது.

விதை வேண்டாம், கலப்பினம் என்பதால் முளைக்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரி வரும். ஜூன், ஜூலையில் பென்சில் பருமன் தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் பாதி புதைத்து நிழலில் வையுங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள், புதுத் தளிரைப் பார்த்து உடனே நட்டுவிடவும் வேண்டாம், தளிர் வேருக்கு முன்னால் வந்துவிடும்.

கரும்புள்ளி உங்கள் கிழக்குக் கரை மழைக்கு வரத்தான் செய்யும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், நடுவில் நெருங்கிய கிளையைக் கழித்துக் காற்று போக விடுங்கள், தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். புயல் மாதங்களில் உயரக் கிளையைக் கட்டி வையுங்கள், பெரிய கவாத்தை ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.